ரோஸ் நிற நோட்டீஸ்

தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை தெருவைக் கூட்டுவது என் வேலை. சிவகாசியில் அந்தக் குப்பைக்கென்று ஒரு மணம் உண்டு. கந்தகமும் பனியில் நனைந்த தாளும் கலந்த மணம். வெடித்த சரத்தின் குழாய்கள் வாய் பிளந்து கிடக்கும். எடுத்துப் பிரித்தால் உள்ளே எழுத்து. யாரோ ஒரு கடைக்காரரின் பற்று வரவு, பாதிச் செய்தி, கல்யாணப் பத்திரிகையில் மணமகனின் பெயர் மட்டும். எடைக்குப் போட்ட பழைய தாள்தான் எங்கள் ஊரில் குழாயாக உருளும் என்று அப்போதே தெரியும். அது எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று நினைத்துப் பார்த்ததில்லை.

தாத்தாவின் தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கும். பூட்டு கிடையாது, யாரும் தொடவும் மாட்டோம். உள்ளே நாடக நோட்டீஸ்களும் காலணா, அரையணாப் பாட்டுப் புத்தகங்களும், எந்த ஆர்மோனியத்தில் இருந்து கழன்றதோ, வெள்ளைக் கட்டை ஒன்றும். நோட்டீஸ்கள் பெரும்பாலும் ரோஸ் நிறம், இல்லையென்றால் மஞ்சள். மட்டமான தாள்தான். ஆனால் ராஜபார்ட்டின் பெயர் மர எழுத்தில், கட்டைவிரல் பருமனுக்கு நிற்கும். அதன் கீழே ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று பெயர்கள் சிறுத்துக்கொண்டே இறங்கும். கரிசல் காட்டில் ராத்திரி ராத்திரியாகப் பாடித் திரிந்தவர்களில் எத்தனையோ பேருடைய பெயர் அச்சேறியது அந்தத் தாள்களில் மட்டும்தான்.

சாயங்காலம் வாசலில் அப்பத்தா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் மைதாப் பசைக் கிண்ணம். தாத்தா பெட்டியைத் திறந்து ஒரு நோட்டீஸை மட்டும் தனியாக எடுப்பார். "நம்ம ஊர்ல பிறந்தவருடா" என்பார். எஸ். எஸ். விஸ்வநாததாஸ். 1886இல் சிவகாசியில் பிறந்து, பின்னால் திருமங்கலத்தில் வாழ்ந்தவர். விருதுபட்டி பங்குனிப் பொங்கலுக்குக் கட்டுச்சோற்றோடு நடந்தே போய் அவர் நாடகம் பார்த்த கதை அப்புறம் தொடங்கும். 1923இலேயே ஊர்ப்பெயர் விருதுநகர் ஆகிவிட்டது. தாத்தா வாயில் கடைசிவரை விருதுபட்டிதான்.

வள்ளி திருமணம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் காட்சி. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டில் விரட்டப்படுவது வெள்ளைக் கொக்கு. அது எந்தக் கொக்கு என்று மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஓரமாக நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். பாடியதற்காகவே தாஸ் பலமுறை சிறை போனார். தாத்தா அந்த மெட்டை முனகுவார். வார்த்தை பாதி மறந்துபோயிருக்கும். அந்த இடங்களை "தந்தன" போட்டு நிரப்புவார். அப்பத்தாவின் கை மட்டும் நிற்காது, பெட்டி மேல் பெட்டியாக ஏறிக்கொண்டிருக்கும்.

ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிடும். தாஸ் முடிதிருத்தும் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதற்காகவே அவரோடு ஜோடி சேர மறுத்த ஸ்திரீபார்ட்டுகள் இருந்தார்கள். மேடையில் முருகனாக வந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்ட ஊர்கள், விடிந்ததும் அவரை எங்கே உட்காரவைத்தன என்று தாத்தா சொன்னதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே தாஸின் உயிர் பிரிந்தது. தாத்தா அன்றைக்குச் சென்னையில் இல்லை. ஆனாலும் இந்த இடத்துக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, நோட்டீஸை மடித்த மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்.

தாத்தா போன மறுவருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். இடத்தை அடைக்கிறதென்று பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். பழைய பேப்பர்க் கடைக்குத் தலையில் சுமந்து போனவன் நான்தான். தராசுத் தட்டில் ரோஸ் தாள்கள் சரிந்து விழ, கடைக்காரர் காலால் அணைத்துக்கொண்டார். கிடைத்த காசில் சாத்தூர் காராச்சேவு வாங்கினேன். அந்த வருஷத் தீபாவளிக் குப்பையில் ரோஸ் நிறத்தில் நாலைந்து துண்டுகள் கிடந்தன. எழுத்து கருகியிருந்தது. எங்கள் பெட்டித் தாள்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குத்தான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது.

வெகுகாலம் கழித்து, சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அதேபோன்ற காலணாப் பாட்டுப் புத்தகத்தைக் கையில் வாங்கினேன். கோட்டையூர் முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஊர் எடைக்குப் போட்டதை அவர் தேடித் தேடி எடுத்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்க, அது கப்பலேறாமல் 1994இல் தமிழ்நாட்டிலேயே நூலகமாக நின்றது. எழுத்தை வரைந்து பிழைத்த மனிதருக்கு மர எழுத்தின் அருமை கண்ணில் பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றும். அந்த வாசிப்பு மேசையில் புத்தகத்தைத் திறக்காமல் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டிருந்தேன். தகரப் பெட்டியின் வாசம் அதில் இல்லை.

வெள்ளைக் கொக்குப் பாட்டை எழுதிய பாஸ்கரதாஸ் நாட்குறிப்பு எழுதுகிற வழக்கம் உள்ளவர். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸுக்கும் பாட்டெழுதியவர். அவருடைய நாட்குறிப்புகளைப் பேரன் ச. முருகபூபதி தொகுத்து நூலாக்கினார். அந்த நூலைப் புரட்டும்போதெல்லாம் ஒரு நினைப்பு குத்தும். அங்கே தாத்தாவின் தாள்களை ஒரு பேரன் காப்பாற்றியிருக்கிறார். இங்கே ஒரு பேரன் சுமந்துபோய் விற்றான்.

திருமங்கலத்தில் தாஸுக்கு நினைவு இல்லம் இருக்கிறது. நாடு முழுவதற்கும் காலண்டர் அச்சடிக்கும் எங்கள் ஊரிலும் இந்தத் தாள்களுக்கு ஓர் அறை வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கட்டிலடிப் பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் இருக்கக்கூடும்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் கிடப்பவை பெரும்பாலும் எழுத்தே இல்லாத பழுப்புத் தாள் குழாய்கள். ஆனாலும் கூட்டி அள்ளுவதற்கு முன்னால் ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்துவிடுகிறேன்.