வெறுங்கை

ஊர்ப் பயிற்சிப் பள்ளியிலே கராத்தே பயிலச் சென்ற நாம் முதலிற் கற்றது அடிப்பதையன்று, தலைவணங்குவதையே. வெள்ளுடையும் வெறுங்காலுமாய் வரிசையில் நிற்கையில், மருத்துவர் மகன் யார், மீனவர் மகன் யார் என்று பிரித்தறிய இயலாது. ஒரே குத்தை நூறு முறை செய்கிறோம், பொறுமையே பாடம்.

இக்கலையின் தாயகம் ஒக்கினாவா. ரியூக்கியூ என்னும் சிற்றரசாயிருந்த அத்தீவை 1879இல் ஜப்பான் தன் மாவட்டமாக்கிக் கொண்டது. அத்தீவின் பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் தோக்கியோவில் இக்கலையைச் செய்து காட்டினார். 'சீனக்கை' என எழுதப்பட்ட பெயர், ஒலி மாறாமலே 'வெறுங்கை' ஆயிற்று. 1936இல் நாஹாவிற் கூடிய ஆசான்களும் அதனை ஏற்றனர். மறு ஆண்டே ஜப்பானியப் படை சீனாவின்மீது முழுப்போர் தொடுத்தது. பெயர் மாற்றத்தின் பின்னே காலத்தின் அரசியல் நின்றதை நாம் மறத்தலாகாது.

ஆயினும், படைக்கலமும் பணமும் இல்லாதவனுக்கும் உரியதன்றோ வெறுங்கை! முதலடி நம்முடையதாயிருத்தல் ஆகாது என்பதும் ஃபுனாகோஷி வகுத்த நெறியே. இன்றோ நிறத்துக்கொரு பட்டி, பட்டிக்கொரு தேர்வு, தேர்வுக்கொரு கட்டணம். பணமில்லாத் தோழன் வெள்ளைப் பட்டியோடு நின்றுவிடுகிறான், பின்னர் வருவதேயில்லை. வெறுங்கையரின் கலை வெறுங்கையருக்கே கதவடைப்பதோ? அக்கதவைத் திறக்கும்வரை நம் வணக்கம் வெறுஞ் சடங்கே.