ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ் எண்ணெயை நாமே மாற்றலாமா?

பஸ் வராத அமெரிக்கக் கல்லூரி ஊர் இது. கார் இல்லாவிட்டால் வகுப்புக்கும் போகமுடியாது, பகுதிநேர வேலைக்கும் போகமுடியாது. என் பழைய ஆட்டோமேடிக் கார், கியரை 'டி'யில் போட்டால் இரண்டு நொடி யோசித்துவிட்டு 'டொக்'கென்று இழுக்க ஆரம்பித்தது. கியர்பாக்ஸையே மாற்றவேண்டும் என்றார் மெக்கானிக். அவர் சொன்ன தொகை காரின் விலையைவிட அதிகம்!

முதலில் எண்ணெயைப் பார்த்தேன். புதியது சிவப்பாக, தெளிவாக இருக்கும். என்னுடையது பழுப்பு. ஆனால் கருகிய வாடை இல்லை, அளவும் சரி. கருகிய வாடை இருந்தால் உள்ளே கிளட்ச் தகடுகள் தேய்ந்திருக்கலாம். எண்ணெய் மாற்றுவதால் அது சரியாகாது. வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசைதான் இருந்தது, அது சகஜம். இரும்புத் துணுக்குகள் இருந்தால்தான் பயம்.

போல்ட்டைக் கழற்றினாலும் எல்லா எண்ணெயும் வராது. டார்க் கன்வெர்ட்டரில் நிறையத் தங்கிவிடும். ஒரு தடவைக்குப் பாதி மாறினால், மூன்று தடவையில் பழையது எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே வாரம் ஒருமுறையாக மூன்று முறை வடித்து, வடிந்ததை அளந்து, அதே அளவு ஊற்றினேன். காரின் கையேட்டில் சொன்ன வகை எண்ணெய் மட்டுமே. மூன்றாவது தடவைக்குப் பிறகு அந்த 'டொக்' இல்லை.

நீங்களும் செய்வதானால் ஒன்று: ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.