எந்த ஊர் கோர்ட்?

எங்க வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான். மழை பெஞ்சா பேசுறது கேக்காது. வேற எதுவும் அதைப்பத்தி யோசிச்சதில்லை, லீ டே என்ற லண்டன் வக்கீல் நிறுவனம் நடத்திய வழக்கைப் படிக்கும்வரை.

தென்னாப்பிரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கம் நடத்தியது கேப் என்ற பிரிட்டிஷ் கம்பெனி. 1979ல் விற்றுவிட்டுப் போய்விட்டது. தூசியைச் சுவாசித்தவர்களுக்கு நோய்தான் மிச்சம். 1997ல் ஐந்து பேர் இங்கிலாந்தில் வழக்குப் போட்டார்கள். 'உங்க ஊர்லயே போடுங்க' என்றது கம்பெனி. நியாயமாத்தானே இருக்கு? எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனா அங்கே இவங்களுக்கு அரசு சட்ட உதவி கிடையாது. காசில்லாம இவ்வளவு பெரிய கேஸை எந்த வக்கீல் எடுப்பார்? இதைச் சொல்லித்தான் 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை, இங்கிலாந்திலேயே நடத்தலாம் என்றது. அதற்குள் ஐந்து பேர் மூவாயிரத்துக்கு மேல் ஆகியிருந்தார்கள்.

எந்த ஊர் கோர்ட்னு முடிவாகவே மூணு வருஷம். காத்திருந்தவர்களில் பலர் செத்தே போனாங்க. 2003ல் சமரசம், கேப் தந்தது 75 லட்சம் பவுண்ட். வழக்கில் இருந்தவர்கள் சுமார் 7,500 பேர். நீங்களே வகுத்துப் பாத்துக்கோங்க.

ஜெயிச்ச கேஸ்னு சொல்ல மனசு வரல. ஆனா அந்த வக்கீல்கள் நடுவுல விட்டிருந்தா இதுவும் கிடைச்சிருக்காது.