செஞ்சியில் ஒரு ஆயில் சேஞ்ச்!

சென்னையிலிருந்து திண்டிவனம் வரை எல்லாக் காரும் ஒரே மாதிரிதான் ஓடும். டோல்கேட்டில் நிற்கும், லாரிக்குப் பின்னால் முனகும், மோட்டலில் காபி குடிக்கும். திண்டிவனத்தில் வலது பக்கம் ஒடித்துத் திருவண்ணாமலை ரோட்டைப் பிடித்தால் இருபத்தெட்டு கிலோமீட்டரில் செஞ்சி. ஊர் வருவதற்கு முன்பே வானத்தின் ஓரத்தில் பாறைகள் தலைகாட்ட ஆரம்பித்துவிடும். யாரோ ஒரு ராட்சசன் ஜல்லி லோடு அடித்துவிட்டு, பில் வாங்காமல் போய்விட்ட மாதிரி உருண்டை உருண்டையாய் மலைகள்!

நாங்கள் போனது கோட்டை பார்க்க மட்டுமில்லை. எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் தம்பி ஒரு செகண்ட்ஹாண்ட் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வாங்கியிருந்தான் (கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தில் என்பது அவன் அம்மாவின் வாக்குமூலம்). 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல், 105 குதிரை சக்தி. தம்பிக்கு அது போதவில்லை. நாற்பத்தைந்தாயிரம் கொடுத்து 'ஸ்டேஜ் ஒன் ரீமேப்' செய்தால் இன்னும் இருபத்தைந்து குதிரை ஏறும் என்று ஒரு டியூனிங் கடையில் ஆசை காட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை வண்டியை விட வேண்டும்.

"அதுக்கு முன்னாடி ஒரு லாங் டிரைவ் போய், வண்டி எப்படின்னு பார்த்துச் சொல்லுங்க ஸார்" என்றான். எனக்குக் காரைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். தவிர, அந்த ஞாயிறு வீட்டில் ஒட்டடை அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

செஞ்சியில் டீ குடித்தோம். என்ஜின் ஆற ஐந்து நிமிஷம் விட்டு, சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவினேன். அளவு சரி. ஆனால் ஆயில் கொழகொழவென்று, புளிக்காய்ச்சல் மாதிரி. டேஷ்போர்டு பெட்டிக்குள் பழைய சொந்தக்காரர் விட்டுப்போன சர்வீஸ் பில் இருந்தது. யாரோ ஒரு மெக்கானிக் கடை. ஆயில்: 20டபிள்யூ-50.

"அம்பதுன்னா பெரிய நம்பர்தானே ஸார், ஸ்ட்ராங்கா இருக்கும்ல?" என்றான் தம்பி.

இங்கேதான் பல பேர் கவிழ்கிறார்கள். முதல் எண்ணுடன் வரும் 'டபிள்யூ' என்பது வின்டர். குளிரில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கான அளவு; எண் குறையக் குறைய லேசாக ஓடும். இரண்டாவது எண், 100 டிகிரி செல்சியஸில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பது. சென்னையில் ஏது வின்டர் என்று கேட்கலாம். ஆனால் நம் ஊர்க் காலை நேரத்து 25 டிகிரிகூட என்ஜினுக்குக் குளிர்தான். அந்த முதல் சில விநாடிகளில் 5டபிள்யூ-40 ஓடிப்போய்ச் சேரும் இடத்துக்கு, 20டபிள்யூ-50 சோம்பல் முறித்துக்கொண்டு போகும். என்ஜின் அதிகமாகத் தேய்வதும் அந்த விநாடிகளில்தான். தடித்த ஆயிலில் ஓடிய பழைய என்ஜின்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் டர்போ இல்லை.

டர்போ என்பது புகை வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். அதன் அச்சு மிதப்பதே ஒரு மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான். இந்த வண்டிக்கு 502 00 என்று கம்பெனியே ஒரு தர எண் கொடுத்திருக்கிறது. டப்பாவின் முன்பக்கம் இருக்கும் ரேஸ் கார் படத்தைப் பார்க்காமல், பின்பக்கம் பொடி எழுத்தில் இந்த எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டீக்கடைக்காரர் ஒரு மெக்கானிக் பாயிடம் அனுப்பினார். அறுபது வயசிருக்கும். பில்லைப் பார்த்தார், பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டார். "வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. சோறுதான் மாத்திப் போட்டிருக்காங்க" என்றார். விழுப்புரத்தில் மச்சானுக்கு போன் போட்டார். சரியான ஆயில் நாலு லிட்டர், கூடவே ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் மூன்றும் பஸ் கண்டக்டர் கையில் வந்து சேரும் என்று ஏற்பாடு. "ரெண்டு மணி நேரம் ஆவும். கோட்டையைப் பார்த்துட்டு வந்துடுங்க."

105 குதிரைகளைப் பாயிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே குதிரையால் பெயர் வாங்கியவன் கோட்டைக்கு ஆட்டோவில் போனோம்.

செஞ்சிக் கோட்டை என்பது ஒரு கோட்டை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள்; மூன்றையும் கட்டிப்போடும் மதில், சுமார் 13 கிலோமீட்டர். இதற்கு ஒரு ஆர்.சி. புத்தகம் இருந்தால் பக்கம் போதாது. கோனார்கள், விஜயநகரத்து நாயக்கர்கள், 1649ல் பீஜப்பூர், 1677ல் சிவாஜி, 1698ல் மொகலாயர், பிறகு புந்தேலா ராஜபுத்திரர், ஆற்காட்டு நவாப், 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் இங்கிலீஷ்காரர். ஒன்பதாவது ஓனர்! இப்போது பராமரிப்பு தொல்லியல் துறை. 2025 ஜூலையில் மராத்தா ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது இது ஒன்றுதான்.

நம் ஜனங்களுக்கு இத்தனை ஓனரில் ஞாபகம் இருப்பவன் தேசிங்கு ஒருவன்தான். தேஜ்சிங் என்பது நிஜப் பெயர். டில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கிக் கொண்டுவந்த கதையும், அந்தப் பாராசாரி குதிரையும் கதைப்பாட்டாக ஊர் ஊராய்ப் போயின. 1714ல் நவாபின் பெரும் படைக்கு எதிரே சில நூறு பேரோடு பாய்ந்து செத்துப்போனான். உயிர் நண்பன் மகமத்கானும் அதே போரில் போனான் என்கிறது பாட்டு. வீரத்தில் குறைச்சலே இல்லை. குதிரையிலும் இல்லை. பின்னால் வர ஆள்தான் இல்லை.

"ஸ்டேஜ் ஒன் போட்டுட்டு சர்வீஸ் பண்ணாத வண்டி மாதிரி" என்றான் தம்பி. நான் எதுவும் சொல்லவில்லை. பையன் தேறிவிடுவான் என்று தோன்றியது.

ராஜகிரி 800 அடி. ஆயிரத்துக்கு மேல் படி. பாதியிலேயே எங்கள் இருவரின் ஏர் ஃபில்டரும் அடைத்துக்கொண்டது. உச்சிக்குச் சற்று முன்னால் ஆழமான பாறைப் பிளவு, அதன் மேல் ஒரு சின்னப் பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கம் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

ஆனால் இந்தக் கோட்டையைக் காப்பாற்றியது உயரம் மட்டுமில்லை. சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690ல் முற்றுகை போட்டார். பிடித்தது 1698 தொடக்கத்தில். ஏன் இத்தனை வருஷம்? காரணம் பல. ஒன்று, மலை மேலேயே வற்றாத ஊற்று, சுனைகள், தானியக் களஞ்சியம். இதே கோட்டையை 1750ல் பிரெஞ்சுக்காரர் புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். மதில் அதேதான், மலை அதேதான். உள்ளே இருந்த ஏற்பாடு அதே இல்லை.

இறங்கி வந்து கல்யாண மகாலில் உட்கார்ந்தோம். மாடி மேல் மாடியாய் அடுக்கி, கூம்பிய கோபுரத்தோடு நிற்கும் அழகான கட்டடம். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. மண் குழாய் வழியாக மேல் மாடி வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். தம்பிக்கு என்ஜினைப் புரியவைக்க இதைவிட நல்ல மாடல் எனக்குக் கிடைக்காது. கீழே சம்ப் என்கிற குளம். பம்ப் அங்கிருந்து ஆயிலை உறிஞ்சி, ஃபில்டரில் வடிகட்டி, சந்து பொந்தாகக் குழாய்களில் மேலே அனுப்புகிறது. தூரத்து மாடியில் குடியிருப்பவர் டர்போ. குழாயில் அழுக்கு அடைத்தால் முதலில் தவிப்பதும் அவர்தான்.

திரும்பி வந்தபோது பார்சல் வந்திருந்தது. பாய் பழைய ஏர் ஃபில்டரைக் கழற்றிக் காட்டினார். பழைய சொந்தக்காரர் பவர் கூடும் என்று எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் போட்டிருக்கிறார். "இந்தப் பக்கம் எல்லாம் கருங்கல்லு. ரோட்ல பறக்குற தூசி பிஸ்டனுக்கு உப்புத்தாள் மாதிரி. காத்து நிறைய வருதுன்னு ஜன்னலைத் தொறந்தா கொசுவும்தானே வரும்?" என்றார். புதிய காகித ஃபில்டரை மாட்டினார். காகித ஃபில்டரில் கொஞ்சம் தூசி படிந்தால் அது இன்னும் நன்றாகவே வடிகட்டும்; வாரா வாரம் தட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பது உபரித் தகவல்.

புது ஆயில் டப்பாவில் 502 00 இருந்தது. ஏ.பி.ஐ. 'எஸ்பி' என்றும் இருந்தது. இது 2020ல் வந்த தரம். சின்ன டர்போ என்ஜின்களுக்கு ஒரு வியாதி உண்டு: குறைந்த வேகத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், ஸ்பார்க் வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனையே உடைக்கக்கூடியது. அதைத் தடுக்கும் சோதனையில் பாஸான ஆயில்களுக்குத்தான் இந்த முத்திரை.

ஸ்டார்ட் செய்தான். முகத்தில் ஒரு சிரிப்பு. சத்தம் குறைந்திருந்தது.

"பாய், ரீமேப் பண்ணலாமா?" என்று நேராகவே கேட்டான்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டார். "பண்ணலாம் தம்பி. கம்ப்யூட்டர்ல டர்போ அழுத்தத்தைக் கூட்டுவான், ஸ்பார்க்கை முன்னாடி தள்ளுவான். பவர் வரும், சூடும் வரும். அதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் பாரு, பிளக் மாத்து, நல்ல ஆக்டேன் பெட்ரோல் எப்பவும் கிடைக்குமான்னு யோசி. மொதல்ல வாங்கின 105ஐ முழுசா ஓட்டிப் பாரு. நீ இத்தனை நாள் ஓட்டினது அதைவிடக் கம்மி."

இதில் சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு. இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் செய்துவிட்டு, விபத்துக்குப் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம். வேகம்தான் வேண்டுமென்றால் அதற்குத் தமிழ்நாட்டில் கோயிலே இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் ஆரம்பித்து இருங்காட்டுக்கோட்டை, கோவை வரை ரேஸ் டிராக்குகள். கோவை கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன் வரை போனார். டியூனிங் கெட்ட வார்த்தை இல்லை. அதற்கு இடமும் வரிசையும் உண்டு.

தம்பி அங்கேயே டியூனிங் கடைக்கு மெசேஜ் அனுப்பினான்: 'திங்கட்கிழமை வரவில்லை. ஒரு பத்தாயிரம் கிலோமீட்டர் போகட்டும்.' அவன் அம்மாவுக்கு இது தெரிந்தால் பாய்க்கு ஒரு தட்டு பிரியாணி அனுப்புவார். பாய் கூலியாக வாங்கியதோ முந்நூறு ரூபாய்.

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: காலையிலேயே ஏறிவிடுங்கள், மாலையில் ராஜகிரி மேல் விடமாட்டார்கள். தண்ணீர் பாட்டில் கட்டாயம். வேகமாக ஓட்டி வந்திருந்தால், நிறுத்தியதும் ஒரு நிமிஷம் என்ஜினை ஐடிலிங்கில் விட்டு அப்புறம் அணையுங்கள். டர்போவும் மூச்சு வாங்கட்டும். மலையில் குரங்குகள் ஜாஸ்தி. பிஸ்கெட்டைப் பிடுங்கும், கண்ணாடியைப் பிடுங்கும். சர்வீஸ் பில்லை மட்டும் தொடாது. அதை நாமேதான் படித்துப் பார்க்க வேண்டும்!