அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு

எந்த வகுப்பானாலும் ஜூன் மாதம் முடிவதற்குள் சில பிள்ளைகளின் பெயர் ஆசிரியர் வாயில் தானாக வந்துவிடும். கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லும் பிள்ளை ஒன்று. பக்கத்துப் பிள்ளையின் பென்சிலை உடைத்துவிட்டு ஓடும் பிள்ளை இன்னொன்று. ஆனால் வகுப்பில் அதிகம் இருப்பது இந்த இரண்டு வகையும் அல்ல. நேரத்துக்கு வந்து, சொன்னதைச் செய்து, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள்தான் அதிகம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஆயுசின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவள் நான். இந்த ஆண்டு புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் ஆசிரியராக இருந்தாலும் சரி, வேறு எந்த வேலையில் இருந்தாலும் சரி, உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: தொந்தரவு தராதவர்களைத் தேடிப்போய்ப் பாருங்கள்.

தேடித்தான் போக வேண்டும். தானாக அவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் அன்றைக்கு ஐந்தும் இன்னொருவர் தலையில். பள்ளி திறந்ததும் பாடநூல், நோட்டு, சீருடை எல்லாம் வாங்கிவந்து கொடுக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பில் அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட வேண்டும். வருகைப் பதிவைச் செல்போனில் ஏற்ற சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓட வேண்டும். இவ்வளவுக்கும் இடையே ஒரு பிள்ளை அமைதியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தால் 'அப்பாடா' என்றிருக்கும். அந்த 'அப்பாடா'விடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

2022 ஜூனில் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தார்கள், பள்ளிக்கூடமோ கொரோனாவால் பூட்டிக் கிடந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. அதற்குள் அவர்கள் இரண்டாம் வகுப்புக்குப் போயிருந்தார்கள். எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழக வேண்டிய காலம் கையைவிட்டே போய்விட்டது.

அந்த வகுப்பில் ஒரு பையன். நடு வரிசை. கரும்பலகையில் எழுதிப்போட்டதை முத்து முத்தாக நோட்டில் எழுதுவான். ஓர் இடத்தில்கூட அடித்தல் திருத்தல் இருக்காது. எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது அவன் வாயும் அசையும். ஜூலையில் ஒருநாள் அவன் பக்கத்தில் போய் நின்று கவனித்தேன். மற்றப் பிள்ளைகளின் குரல் வந்து, அதற்குப் பிறகுதான் அவன் உதடு அசைந்தது. வகுப்பு நான்காவது வரியில் போய்க்கொண்டிருக்க, அவன் விரல் முதல் வரியிலேயே நின்றது. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூப்பிட்டு உட்காரவைத்து, பாடத்தைக் கடைசி வரியிலிருந்து வாசிக்கச் சொன்னேன். முதலிலிருந்து என்றால் மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான். ஒரு சொல்லில் விரலை வைத்தான். 'ப' தெரிந்தது. அதற்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் இருந்த இடத்தில் நின்றுவிட்டான்.

அவன் அம்மா அப்போது நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரால் நம்ப முடியவில்லை. நோட்டைப் பிரித்துக் காட்டி, "பாருங்க டீச்சர், ஒரு எடத்துலயாவது அடிச்சு எழுதியிருக்கானா? இவனுக்கா படிக்கத் தெரியாது?" என்றார். அவர் கோபம் நியாயம்தான். ஆனால் நான் சொல்ல வேண்டிய பதில் அவர் கேள்வியிலேயே இருந்தது. புரிந்து எழுதுகிற பிள்ளை தப்பு விடும், அடித்துவிட்டு மேலே எழுதும், ரப்பரால் தேய்த்துத் தாளைக் கிழிக்கும். இவன் கோலம் போடுவதுபோல எழுத்தைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தான்.

அந்த ஆண்டுதான் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. எந்த வகுப்பில் இருக்கிறான் என்று பார்க்காமல், எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லித்தரும் ஏற்பாடு. இவனுக்கு முதல் படியான அரும்பு. மூன்றாம் வகுப்புப் பையனுக்கு, ஒன்றாம் வகுப்பில் இருந்த தன் தங்கையோடு உட்கார வெட்கம். அதனால் தங்கைக்கு எழுத்து அட்டை காட்டிச் சொல்லித்தரும் பொறுப்பை அவனுக்கே கொடுத்தேன். மறுநாள் அவளுக்குச் சொல்ல வேண்டுமே என்பதற்காக, முந்தின நாள் சாயங்காலமே என்னிடம் வந்து கேட்டுக்கொண்டு போவான். அரையாண்டுத் தேர்வில் அவன் தாளில் நிறைய எழுத்துப் பிழைகள். நோட்டிலும் அடித்தல் திருத்தல் வந்துவிட்டது. அவன் அம்மாவைக் கூப்பிட்டு அந்த நோட்டைத்தான் சந்தோஷமாகக் காட்டினேன்.

இப்படிப் பிள்ளைகள் நழுவிப்போக ஓர் ஆண்டில் எத்தனையோ வழி உண்டு. காமராசர் பிறந்த நாளான ஜூலை 15-ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். பேச்சுப் போட்டிக்கு யார் என்று கேட்டால் போன வருஷம் பேசிய பிள்ளையையே எல்லோரும் கைகாட்டுவார்கள். ஆகஸ்ட் 15-க்கும் அதே பிள்ளை, குழந்தைகள் தினத்துக்கும் அதே பிள்ளை. ஆண்டு விழா நடனத்தில் முன்வரிசையும் அப்படித்தான். அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. கூட்டம் வந்து பார்க்கப்போகிறதே, நன்றாக இருக்க வேண்டுமே என்று நாம்தான் பயப்படுகிறோம். திக்கித் திக்கிப் பேசினாலும் புதிதாக ஒரு பிள்ளையை மேடை ஏற்றுங்கள். கைதட்டல் கொஞ்சம் குறையும். அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேடும் வந்துவிடாது.

நழுவ விடாமல் பிடிக்கவும் வழி உண்டு. பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் 2007-08-இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, சுவரில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை அடித்து, ஆளுக்கொரு கட்டம் கொடுத்தோம். அட்டை தேடுவதிலேயே பொழுது போகிறது என்று எங்களில் பலர் அலுத்துக்கொண்டதும் உண்மை. ஆனால் தன் கட்டத்தில் தானே எழுத வேண்டும் என்றால் எந்தப் பிள்ளையும் கூட்டத்தில் ஒளிந்துகொள்ள முடியாது. பிறகு எத்தனை முறைகள் மாறினாலும் அந்தப் பலகையை மட்டும் நான் விடவில்லை.

பிள்ளைகளைக் கவனிக்க இன்னொரு நல்ல வாய்ப்பு காலைச் சாப்பாட்டு நேரம். 2023 ஆகஸ்டிலிருந்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு கிடைக்கிறது. கிச்சடித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, ஆடு ரெண்டு குட்டி போட்டதையும், திருப்பூருக்கு வேலைக்குப் போன அப்பா இந்த மாசம் வரவில்லை என்பதையும் தானாகச் சொல்லும். போன வாரம் முழுக்க அது ஏன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது என்று அப்போது உங்களுக்குப் புரியும்.

இது வகுப்பறையோடு முடிகிற விஷயம் இல்லை. அலுவலகக் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் ஒருவர் இருப்பார். வீட்டில் "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லும் அம்மா இருப்பார். அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தனியாகக் கேளுங்கள். முதல் தடவை "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். இன்னொரு தடவையும் கேளுங்கள்.

அந்த நடு வரிசையில் இருப்பது நீங்களாகவே இருக்கலாம். புது வேலையில் ஒன்று புரியாவிட்டால், மற்றவர்களோடு சேர்ந்து வாயசைத்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஜூனில் "புரியவில்லை" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டிசம்பரில் சொன்னால், "இத்தனை நாள் என்ன செய்தாய்?" என்ற கேள்வியும் கூட வரும். நாள் ஆக ஆக வெட்கம் கூடுமே தவிரக் குறையாது. ஆகவே சீக்கிரமே கையைத் தூக்கிவிடுங்கள். நாலு பேர் சிரித்தாலும் அன்றோடு போய்விடும்.

ஆசிரியராகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். காலாண்டு விடுமுறையில் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வரி எழுதுங்கள். மதிப்பெண்ணும் 'நல்ல பிள்ளை' என்பதும் சேர்த்தியில்லை. என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படும், எந்த எழுத்தில் தடுக்கும், வீட்டில் யார் சோறு போடுவார்கள், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எழுத வராத பெயர்கள் சில கட்டாயம் இருக்கும். விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் முதலில் அந்தப் பிள்ளைகளிடம் போய்ப் பேசுங்கள். ஏப்ரல் வர இன்னும் அரை வருஷம் இருக்கிறது.