பிரதி இருக்கிறது என்று நினைத்திருந்தோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். 1968 முதல் 1974 வரை நமது பாடசாலையில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கட்டாயம் கடைசிவரை வாசியுங்கள். உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன் எங்கள் பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

சேர்விடாப்பின் பெறுமதி ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிறப்புப் பதிவு இல்லாதவருக்கும், அடையாள அட்டையில் திகதி பிழைத்தவருக்கும், பல நேரம் அந்தப் புத்தகத்திலுள்ள ஒரு வரிதான் கைகொடுக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது அந்த இடாப்புகளும் அலுமாரியோடு உப்புத் தண்ணீரில் கிடந்தன. எடுத்துக் காயவைத்தோம். சில பக்கங்கள் ஒட்டிப்போயின. சில பக்கங்களில் மை கரைந்து, சேர்விலக்கமும் பெயரின் முதல் எழுத்தும் மட்டும் மிஞ்சின.

சில வருடங்கள் கழித்து, கணினிப் பாடம் படிப்பிக்கும் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து, மிஞ்சியதை எல்லாம் கணினியில் ஏற்றத் தொடங்கினோம். ஆய்வுகூடத்திலுள்ள ஒரு பழைய கணினியை சேர்வராக்கி, அதில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஒன்றை அமைத்தோம். ஒரு அட்டவணையில் மாணவர், இன்னொன்றில் பெற்றோர், மற்றொன்றில் சேர்ந்த, விலகிய திகதிகள். சேர்விலக்கம் என்ற ஓர் எண் இவை மூன்றையும் கோர்க்கும். பெயரின் ஒரு துண்டைத் தட்டினாலே ஆளைக் கண்டுபிடிக்கலாம். பழைய இடாப்பைத் திறக்கவேண்டிய தேவையே இல்லாமல் போனது. அதனால்தான் பழைய இடாப்பு எப்படிப் போகிறது என்றும் யாரும் பார்க்கவில்லை.

பெக்கப் எடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். எடுத்தோம். ஒவ்வொரு இரவும் 11 மணிக்கு சேர்வர் தானாகவே முழுத் தரவுத்தளத்தையும் பிரதியெடுத்து, சுருக்கி, அன்றைய திகதியைப் பெயராக வைத்து, வெளியே செருகியிருந்த ஹாட் டிஸ்க்கில் போடும். இடம் நிறைந்துவிடக்கூடாது என்பதற்காக 30 நாளுக்கு மேற்பட்ட கோப்புகளை அதுவே அழித்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்போம். திகதி வரிசையாகக் கோப்புகள் இருக்கும். மனம் நிறையும். பார்த்துவிட்டு வந்துவிடுவோம்.

போன வருடம் ஒருநாள் கரண்ட் போய் வந்தது. சேர்வர் எழும்பவில்லை. கல்முனையில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். உள்ளே இருந்த டிஸ்க் முடிந்துவிட்டது என்றார் அந்தத் தம்பி. நாங்கள் பயப்படவில்லை. "பெக்கப் இருக்கு தம்பி, புது டிஸ்க் ஒண்டு போட்டுத் தாங்க" என்றோம்.

புது டிஸ்க்கில் எல்லாவற்றையும் திரும்ப நிறுவிவிட்டு, முதல் நாள் இரவுக் கோப்பைத் திறந்தோம். உள்ளே ஒன்றுமில்லை. அதற்கு முந்தின நாள் கோப்பைத் திறந்தோம். அதிலும் ஒன்றுமில்லை. 30 கோப்புகளையும் திறந்தோம். ஒவ்வொன்றும் 20 பைட். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பெயர் இருக்க வேண்டிய கோப்பில், ஒரு பெயர் எழுதக்கூட இடமில்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. உயர்தர மாணவர்களுக்குக் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்ற வேண்டும் என்று படிப்பித்துவிட்டு, நாங்களும் ஒருநாள் தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினோம். இரவில் பிரதியெடுக்கும் கட்டளைக்குள் பழைய கடவுச்சொல்லே இருந்தது. அது உள்ளே போக முடியாமல் திரும்பியது. ஆனால் அதற்குப் பின்னால் நின்ற சுருக்கும் கட்டளை, தனக்கு வந்த வெறுமையைச் சுருக்கி ஒரு கோப்பாக்கி வைத்துவிட்டது. ஒன்றுமில்லாததைச் சுருக்கினால் வரும் அளவுதான் அந்த 20 பைட். 11 மாதம் இது நடந்திருக்கிறது. முதல் மாதம் முடிவதற்குள், மிஞ்சியிருந்த நல்ல பிரதிகளையும் 30 நாள் கணக்கு ஒவ்வொன்றாக அழித்துவிட்டது. பிழைச் செய்தி ஒவ்வொரு இரவும் சேர்வருக்குள் ஒரு மூலையில் எழுதப்பட்டுத்தான் இருந்திருக்கிறது. அதை வாசிக்க யாரும் போகவில்லை.

காப்பாற்றியது திட்டமிட்ட எந்தப் பெக்கப்பும் அல்ல. பழைய மாணவர் ஒன்றுகூடலுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்க, எங்களில் ஒரு டீச்சர் ஒன்பது மாதத்துக்கு முன் தன் மடிக்கணினியில் முழுப் பிரதி ஒன்று எடுத்திருந்தார். அதை மறந்தும் போயிருந்தார். அல்ஹம்துலில்லாஹ், அது திறந்தது. ஏற்றிப் பார்த்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் வாசிக்க முடியாத குறிகளாக வந்தன. அன்று அஸர் தொழுகையை எந்த மனநிலையில் தொழுதோம் என்று எங்களுக்குத்தான் தெரியும். தரவு அழிந்திருக்கவில்லை. எழுத்துக்களை எந்தக் குறிமுறையில் வாசிப்பது என்று சேர்வருக்குப் பிழையாகச் சொல்லியிருந்தோம். அதைத் திருத்தி ஏற்ற மூன்று நாள் போனது.

மீதி ஒன்பது மாதத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் விண்ணப்பங்கள் காகிதத்தில் இருந்தன. திரும்பத் தட்டிவிட்டோம். ஆனால் காகிதத்தில் இல்லாத ஒன்றும் அந்த ஒன்பது மாதத்துக்குள் இருந்தது.

அந்தக் காலத்தில் முதலாம் வகுப்புப் படிப்பித்து, பின்னர் அதிபராகவும் இருந்து ஓய்வுபெற்ற நமது பெரிய சேரை எல்லோருக்கும் தெரியும். எண்பது தாண்டியும் ஞாபகம் கெடவில்லை. கடலில் நனைந்த பக்கங்களை அவருக்கு முன்னால் வைத்து, நான்கு பின்னேரங்கள் கூட இருந்தோம். முதல் எழுத்தையும் இலக்கத்தையும் பார்த்துவிட்டுச் சொல்லுவார்: "இவன் தையல்காரர்ட மூத்தவன். இடது கையால எழுதுவான்." அடுத்த வரி: "இது ஆத்தங்கரைப் பிள்ளை. மழை பெய்தா வரமாட்டாள்." அப்படி 57 பேரைச் சொன்னார். முழுப் பெயர், வாப்பாவின் பெயர், வீடு இருந்த இடம். அவர் சொல்லச் சொல்ல டீச்சர் நேரே கணினியில் தட்டினார். "ஒரு கொப்பியிலயும் எழுதி வைங்களேன்" என்று பெரிய சேர் ஒரு தடவை சொன்னார். "கொம்பியூட்டர்ல இருக்கு சேர், ஒண்டும் ஆகாது" என்றோம்.

டிஸ்க் போவதற்கு மூன்று மாதம் முன் பெரிய சேர் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அவருடைய ஜனாஸாவில் நின்றபோதும், அந்த 57 பேரும் பத்திரமாக இருக்கிறார்கள் என்றே நினைத்திருந்தோம்.

இது சின்னப் பாடசாலையில் மட்டும் நடக்கும் விசயம் அல்ல. உலகம் முழுவதும் மென்பொருள் எழுதுபவர்கள் பயன்படுத்தும் கிட்லாப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, களைத்துப்போன ஒரு பொறியியலாளர் வேறு சேர்வர் என்று நினைத்து, பிரதான தரவுத்தளம் இருந்த கோப்புறையையே அழித்தார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிகாபைட்டில் 4.5 ஜிகாபைட் அளவே மிஞ்சியது. அவர்களிடமும் தினசரிப் பெக்கப் இருந்தது. பிரதியெடுக்கும் கருவியின் பதிப்பும் தரவுத்தளத்தின் பதிப்பும் ஒத்துப்போகாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் ஆறு மணித்தியாலத்துக்கு முன் வேறொரு தேவைக்காக ஒருவர் எடுத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. நடந்தது அனைத்தையும் அவர்கள் மறைக்காமல் வெளியிட்டார்கள். அதை வாசித்தபோது, எங்கள் ஆய்வுகூடத்தைப் பற்றி யாரோ எழுதியது போல் இருந்தது.

நமது நாட்டிலும் 2023 ஓகஸ்டில் அரச மேகக் கணிமை மீது இணையத் தாக்குதல் நடந்தது. அந்த வருடம் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள், அந்தக் காலத்துக்குப் பெக்கப் இல்லாததால் திரும்பக் கிடைக்கவில்லை.

பெக்கப் என்பது பிரதி எடுத்து வைப்பது. ரெஸ்டோர் என்பது அந்தப் பிரதியிலிருந்து திரும்ப எழுப்புவது. நாங்கள் முதலாவதைச் செய்தோம், இரண்டாவதை ஒரு நாளும் செய்து பார்க்கவில்லை. திரும்ப எழுப்பிப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று சொல்லக்கூடாது. இது நமக்குத் தெரியாத விசயமும் அல்ல. ஒரு பிள்ளை குர்ஆனை மனனம் செய்தான் என்று அவன் சொன்னதை வைத்து நாம் ஏற்றுக்கொள்வதில்லை. உஸ்தாதுக்கு முன் ஓதிக் காட்ட வேண்டும். தராவீஹில் ஓதும்போது பின்னால் இன்னொரு ஹாபிழ் நின்று, தடுமாறினால் எடுத்துக் கொடுக்கிறார். கணினியிடம் மட்டும் நாங்கள் ஓதிக் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை.

இப்போது என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறோம்.

முதலாவது, பிரதி மூன்று இடத்தில். சேர்வரில் ஒன்று, ஹாட் டிஸ்க்கில் ஒன்று, ஊருக்கு வெளியே ஒன்று. கடல் வந்த ஊரில் மூன்றையும் ஒரே கட்டடத்தில் வைப்பதில் அர்த்தமில்லை.

இரண்டாவது, தினசரிப் பிரதிகளை 30 நாளில் அழித்தாலும், மாதத்துக்கு ஒன்றை அழிக்காமல் வைக்கிறோம்.

மூன்றாவது, இரவில் எடுத்த கோப்பு முந்தின நாளை விடக் கணிசமாகச் சிறுத்திருந்தால் எங்கள் மூன்று பேருடைய தொலைபேசிக்கும் செய்தி வரும். சரியாக எடுத்தாலும் செய்தி வரும். செய்தியே வராத நாளில்தான் போய்ப் பார்க்கிறோம்.

நான்காவது, நாளாந்த மாற்றங்களின் பதிவேட்டையும் வேறு டிஸ்க்கில் எழுதவைத்திருக்கிறோம். கடைக்காரர் பெரிய கணக்குப் புத்தகத்தோடு அன்றாடக் கொப்பி ஒன்றும் வைத்திருப்பது போல. நேற்றிரவுப் பிரதியை ஏற்றி, அதன் மேல் இந்தப் பதிவேட்டை ஓடவிட்டால், விழுந்த நேரத்துக்குக் கிட்டவரை வந்துவிடலாம்.

ஐந்தாவதுதான் முக்கியம். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, வேறொரு கணினியில் பிரதியை ஏற்றி, அட்டவணைகளில் எத்தனை வரி என்று எண்ணி, மூன்று பெயரைத் தேடிப் பார்க்கிறோம். ஒரு மணித்தியாலமும் ஆகாது. இந்த வேலையை இப்போது உயர்தர மாணவர்கள் செய்கிறார்கள். நாங்கள் பின்னால் நிற்கிறோம்.

பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஜனாஸா சங்கங்கள், ஸகாத் கணக்கு வைத்திருப்பவர்கள், கணினியில் கடன் கணக்கு வைத்திருக்கும் கடைக்காரர்கள், எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். "பெக்கப் எடுக்கிறீங்களா" என்று உங்கள் கணினித் தம்பியிடம் கேட்காதீர்கள். "ஓம்" என்றுதான் சொல்வார், நாங்களும் அப்படித்தான் சொன்னோம். "போன வாரப் பிரதியை வேறொரு கணினியில ஏத்தி, எனக்கு முன்னால திறந்து காட்டுங்க" என்று கேளுங்கள். அது மற்றவர்களின் அமானிதம்.

இனி நாங்கள் கேட்க வந்த உதவி. அந்த 57 பேரில் இதுவரை 23 பேரை மீட்டிருக்கிறோம். அவர்களின் பிள்ளைகள் கொண்டுவந்த விடுகைப் பத்திரங்களாலும், கூடப் படித்தவர்களின் ஞாபகத்தாலும் கிடைத்தவை அவை. தையல்காரரின் மூத்தவர் கிடைத்துவிட்டார். இடது கையாலேயே எழுதித் தந்தார். ஆற்றங்கரைப் பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. இன்னும் 34 வரிகள் முதல் எழுத்தோடு நிற்கின்றன.

1968க்கும் 1974க்கும் இடையில் சேர்ந்தவர்கள், அல்லது அவர்களை அறிந்தவர்கள், எந்த வேலை நாளிலும் பாடசாலைக்கு வாருங்கள். பழைய தேர்ச்சி அறிக்கை, விடுகைப் பத்திரம், வகுப்புப் படம் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். ஒன்றுமில்லாவிட்டாலும் வாருங்கள், உங்கள் ஞாபகம் போதும். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இந்தப் பதிவை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வர முடியாதவர்களின் வீட்டுக்கு நாங்கள் வருகிறோம்.

இம்முறை ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வருவோம், இன்ஷா அல்லாஹ்.