கூரையின் பிடி

சென்ற மே மாதக் கடைசியில் அப்பாவின் ஆட்டோ இரண்டு நாள் ஓடவில்லை. காரணம் நான். மொழியியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவன் ஓர் ஆட்டோவின் கூரையை எப்படிக் கெடுத்தான் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நாங்கள் இருப்பது சயானில். மும்பையின் பழைய தீவு நகரத்துக்குள் ஆட்டோவுக்கு அனுமதி இல்லை. கிழக்குப் பக்கத்தில் அதன் ஓட்டம் சயானோடு முடிந்துவிடும். அதற்குத் தெற்கே டாக்சிதான். இரயில் நிலையப் பலகையில் மராத்தியில் இவ்வூரின் பெயர் ‘ஷீவ்’ என்று இருக்கும். எல்லை என்று பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வசமிருந்த பகுதிக்கும் போர்த்துக்கீசியர் வசமிருந்த சால்செட் தீவுக்கும் இதுவே எல்லை. அதைக் காக்கக் கட்டிய கோட்டை குன்றின்மேல் இன்றும் நிற்கிறது. இப்போது இவ்வூர் இரும்புக் கூரை வண்டிக்கும் துணிக்கூரை வண்டிக்கும் எல்லை.

கூரை மடியும் கார் என்றால் திரைப்படத்தில் கதாநாயகன் ஓட்டிவரும் வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். ஆட்டோவும் அந்தக் குடும்பமே. வளைந்த இரும்புக் கம்பிகள், அவற்றின்மேல் இழுத்துக் கட்டிய ரெக்சின், உள்ளே பயணியின் தலைக்கு மேல் நுரைப்பஞ்சு வைத்த துணி. ரெக்சின் என்பதே மான்செஸ்டரை அடுத்த ஹைடு என்னும் ஊரில் இயங்கிய ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். அந்த நிறுவனத்தை யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் நம் ஊர்களில் செயற்கைத் தோலுக்குப் பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது.

அப்பாவின் வண்டியில் அந்த உள்துணி தொங்கத் தொடங்கியிருந்தது. முதலில் பின் இருக்கைக்கு மேல் ஒரு சிறு வயிறு போல. பிறகு ஏறி உட்காருபவரின் தலையில் படுமளவுக்கு. செம்பூர் முருகன் கோயிலுக்குப் பட்டுப்புடவையில் கிளம்பிய ஓர் அம்மா இறங்கும்போது, கொண்டையில் மஞ்சள் பொடி உதிர்ந்திருந்தது. அவர் திட்டவில்லை, தட்டிவிட்டுக்கொண்டு போனார். அப்பா அன்று இரவு அதை இரண்டு முறை சொன்னார்.

அந்தப் பொடி நுரைப்பஞ்சு மக்கியதால் வந்தது. வெயிலும் காற்றின் ஈரமும் பாலியூரித்தேன் நுரையின் பிணைப்புகளைச் சிறிது சிறிதாக அறுத்துவிடும். மும்பையில் இரண்டுக்கும் குறைவில்லை. துணி கிழிவதில்லை, பசையும் விடுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடுக்குதான் மாவாகிறது.

எனக்கு மூன்று மாதமாக உதவித்தொகை வரவில்லை. வீட்டுக்கு ஒரு காசும் கொடுக்க முடியாத குற்றவுணர்வு. கூலியையாவது மிச்சப்படுத்தலாம் என்று ஒரு டப்பா சொல்யூஷன் வாங்கி வந்தேன். ஒட்டும் பசைக்கு இங்கே எல்லோரும் சொல்லும் பெயர் அது. தொங்கிய துணியைத் தூக்கி, மேலிருந்த ரெக்சினோடு சேர்த்து முழுவதும் ஒட்டினேன். அன்று இரவு பார்க்க வெகு அழகாக இருந்தது.

மறுநாள் நண்பகலில் கறுப்புக் கூரை காய்ந்தபோது பசை இளகியது. மாவின்மேல் பூசியதால் பாதி இடத்தில் அது பிடிக்கவே இல்லை. பிடித்த இடங்களில் நிலைமை இன்னும் மோசம். ஓட்டத்தில் காற்று மேல் ரெக்சினை உப்ப வைக்கும்தோறும் அது உள்துணியையும் சேர்த்து இழுத்தது. மாலைக்குள் தையல் விட்டுக் கிழிந்தது. மேல் ரெக்சினிலும் ஊசித்துளைகள் அகன்றுவிட்டன. மழைக்கு இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை.

தாராவி தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் கூரை தைக்கும் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனோம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. உள்ளே தலையை நீட்டிப் பார்த்தவர் கேட்டார்:

“முழுசையும் ஒட்டிட்டியளோ தம்பி?”

“ஆமா அண்ணாச்சி.”

“வீட்டுச் சுவரா இது, ஒட்டுறதுக்கு? ஆடுற கூரை. கம்பியில மட்டுந்தான் பிடி. நடுவுல அது பாட்டுக்குக் கெடக்கணும்.”

பழைய துணியை முழுவதும் உரித்தார். கம்பிகளிலும் ரெக்சினிலும் இருந்த மாவையும் பசையையும் தேய்த்தெடுக்கும் வேலை எனக்கு வந்தது. அரை நாள் ஆயிற்று. ரெக்சினில் விட்ட தையலை அடைத்துத் தைத்தார். புதுத்துணியின் முதுகில் கம்பிகள் வரும் இடங்களில் மட்டும் பட்டை பட்டையாகத் துணி வைத்துத் தைத்தார். நடுக்கம்பியில் தொடங்கி முன்னும் பின்னுமாக ஒவ்வொரு பட்டையையும் கம்பியைச் சுற்றி மடித்து இறுக்கினார். ஓரங்களில் மட்டுமே சொல்யூஷன், அதுவும் இருபுறமும் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து. கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் துணி எதையும் தொடவில்லை. கூரை மடியும் கார்களிலும் அடிப்படை இதுவே. நிலையான கூரையுள்ள கார்களில்தான் அட்டைமேல் துணியை முழுவதும் ஒட்டலாம்; அங்கே எதுவும் அசைய வேண்டியதில்லை.

அகராதியில் ‘பிடி’ என்ற சொல்லுக்குள்ள பொருள்களை நான் வகுப்பில் பட்டியலிட்டதுண்டு. கைப்பிடி, ஒரு பிடி சோறு, பெண் யானை. எங்கே பற்ற வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்ற கணக்கையும் சேர்த்தே அண்ணாச்சி அச்சொல்லை ஆண்டார். தொழிற்சொற்களை நாம் தொகுக்கும்போது பொருளை எழுதிக்கொண்டு அந்தக் கணக்கை விட்டுவிடுகிறோமோ என்ற சந்தேகம் எனக்கு அன்று வந்தது. என் ஆய்வுக் குறிப்பேட்டில் இருந்த இருபது முப்பது சொற்களுக்கு எதிரே, அவற்றை ஆளும் மனிதர்களிடம் திரும்பவும் போக வேண்டும் என்று குறித்துக்கொண்டேன். வழிகாட்டியிடம் கூடுதல் காலமும் கேட்டிருக்கிறேன்.

இரண்டு நாள் வருமானத்தோடு அண்ணாச்சியின் கூலியும் போயிற்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கடைசிக் கம்பியின் பட்டையை மட்டும் நானே தைக்கிறேன் என்று கேட்டபோது அண்ணாச்சி ஊசியைக் கொடுத்தார். என் தையல் கோணலாக வந்தது. பிரிக்கட்டுமா என்று அவர் அப்பாவைப் பார்த்தார்.

“பிடிக்குதுல்ல, இருக்கட்டும்” என்றார் அப்பா.

ஜூனில் மழை வந்தது. கூரை ஒழுகவில்லை.